தொங்கலார்

சுன்னாகம் ஓட்டோத் தரிப்பிடத்தில் பட்டம் வாங்காமல் தப்பிய ஆள் கிடையாது. வங்கி மனேச்சருக்கு ஒன்று, மீன்காரிக்கு ஒன்று, எங்களுக்குள்ளேயே ஆளுக்கு இரண்டு. அவருக்குத் தொங்கலார் என்று பட்டம் வைத்தவன் நான். தொங்கல் என்றால் எங்கள் ஊரில் கடைசி முனை. சந்து முடிகிற இடம் ஒழுங்கைத் தொங்கல், வரிசை முடிகிற இடம் வரிசைத் தொங்கல். எதைத் தொடங்கினாலும் அந்த மனிதர் கழுத்தைத் திருப்பி, "தொங்கல் சரியோ?" என்று கேட்பார். பதில் வரும்வரை ஓரடி எடுத்து வைக்கமாட்டார். பட்டம் ஒரே நாளில் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்து வந்த தபால்காரனிடம்கூட, "ஆர், தொங்கலாரோ?" என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டைக் காட்டினோம்.

போன மார்கழியில் அவர் கனடாவில் செத்துப்போனார் என்று செய்தி வந்தது. தரிப்பிடத்தில் இரண்டு பேர் "ஐயோ பாவம்" என்றார்கள். நான் ஓட்டோக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய பெயரை இங்கேயும் எழுதப்போவதில்லை. அது மரியாதையால் அல்ல. மூன்று வருடம் பழகியும் நான் அந்தப் பெயரை ஒருதடவையாவது வாயால் சொன்னதில்லை.

கனடாவில் சரக்கு ரயில் ஓட்டியவர் அவர். இங்கே வந்து இறங்கும்போது வயது அறுபதை நெருங்கியிருக்கும். சொந்த ஊர் பருத்தித்துறை. அங்கே வீடும் வளவும் சும்மா கிடக்க, சுன்னாகத்தில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினார். ஏன் என்று ஊர் கேட்டது. எனக்குக் காரணம் தெரியும். எங்கள் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்.

தேத்தண்ணிக் கடையில் அவரைச் சுற்றி எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். அவர் ரயில் கதை சொல்வார், அவர்கள் சிரிப்பார்கள். "இருநூறு பெட்டி. எஞ்சின் சுன்னாகம் ஸ்டேசனிலை நிண்டா தொங்கல் இணுவிலிலை நிக்கும்" என்பார். எங்கள் பாதையில் ஓடுகிற ரயிலுக்குப் பத்துப் பன்னிரண்டு பெட்டிதான். ஒருவன் முகத்தைச் சீரியசாக வைத்துக்கொண்டு, "அப்ப எஞ்சினிலை இருந்து தொங்கலுக்குப் போக ஓட்டோ பிடிக்கவேணுமோ அண்ணை?" என்று கேட்பான். அவருக்குப் பகிடி விளங்காது.

"இல்லைத் தம்பி. நடக்கவேணும். அவ்வளவு நீள ரெயினுக்கும் ரெண்டே ரெண்டு பேர்தான். ஒராள் ஓட்டுறது, மற்றாள் நடக்கிறது."

நடந்த அந்த மற்றாள் என் அண்ணை.

அண்ணையை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே அவர்தான். ஊர்ப் பெடியன், நம்பிக்கையான ஆள், குளிருக்குள் கதைக்கத் தமிழ் கிடைக்கும் என்று கூடவே வைத்துக்கொண்டார். ஒரு தைமாதம், வெட்டவெளியில், அவர்களுடைய ரயில் நடுவில் இரண்டாகப் பிரிந்தது. நூற்று முப்பதாவது பெட்டியின் கொக்கி உடைந்துபோனது. அண்ணை புதுக் கொக்கியைச் சுமந்துகொண்டு பனிக்குள் நடந்துபோய் மாற்றினார். இனி எஞ்சின் பின்னுக்குத் தள்ளி இரண்டு துண்டையும் சேர்த்துக் கொழுவ வேண்டும். இவருக்கு அங்கே நடப்பது எதுவும் தெரியாது. இரண்டு கிலோமீற்றர் தூரம். காதில் இருக்கிற ரேடியோதான் கண். அண்ணை நடுவிலிருந்து விலகிவிட்டாரா என்று அறிய, "விலத்தியிட்டியோ?" என்று கேட்டார். "ஓம் ஓம்" என்றார் அண்ணை. இவர் தள்ளினார்.

எங்களுக்கு 'ஓம்' என்றால் ஆமாம். ஆனால் அது இரட்டையாக வந்தால் பொருள் மாறிவிடும். கேட்குது, பொறு, கரைச்சல் தராதே, பிறகு பார்ப்போம் எல்லாம் அதற்குள் அடக்கம். தேங்காய் வாங்கி வரச் சொல்லும் பெண்சாதிக்குப் புருசன் "ஓம் ஓம்" என்றால் அன்றைக்குத் தேங்காய் வராது என்று அர்த்தம். இது தெரியாத ஆள் வலிகாமத்திலும் இல்லை, வடமராட்சியிலும் இல்லை. அவருக்கும் தெரியும். ஒரு வெள்ளைக்காரனோடு ஓட்டியிருந்தால் விதிப்படி ஆங்கிலத்தில் முழு வசனம் கேட்டிருப்பார். தமிழில் கதைத்ததால் என் அண்ணை இரண்டு கொக்கிகளுக்கும் நடுவில் நசிந்துபோனார்.

இதையெல்லாம் அவரேதான் வந்து சொன்னார். ஊருக்கு வந்த மூன்றாம் நாள் எங்கள் வாசல் படலைக்குள் வந்து, முற்றத்தில் நின்றபடி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். கொம்பனிக் கடிதத்தில் விபத்து என்று மட்டும்தான் இருந்தது. அண்ணி திண்ணைக் குந்தில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தா. அண்ணையைக் கட்டி ஆறு கிழமை கூட இருந்தவ. பிறகு ஸ்பொன்சருக்கு இரண்டு வருடம் காத்திருந்து, விசா வந்த கிழமையில் அண்ணையின் செய்தியும் வந்தது. எங்கள் அம்மா அந்த வருடத்தைத் தாண்டவில்லை. அண்ணி முழுவதையும் கேட்டா. கேட்டு முடிய எழும்பிக் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் அள்ளி வந்தா. அவர் படலைக்கு வெளியே போகும்வரை பொறுத்திருந்து, அவர் நின்ற இடத்தைக் கழுவினா. எங்கள் ஊரில் பிரேதம் வெளிக்கிட்ட பிறகுதான் அப்படி முற்றம் கழுவுவார்கள். அவர் ஒழுங்கையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு மாதம் ஒருதடவை, அண்ணை செத்த திகதியில் வருவார். படலையடியில் பத்து நிமிடம் நிற்பார். ஒன்றும் கேட்கமாட்டார். அவருக்கு என்ன வேண்டும் என்று ஒழுங்கை முழுக்கத் தெரியும். எங்கள் பக்கத்தில் பகை என்றால் முதலில் தண்ணி வென்னி கொடுப்பது நின்றுபோகும். ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுத்தால் பகை தீர்ந்தது, அதற்குமேல் மன்னிப்பு என்று ஒரு சொல்லும் தேவையில்லை. அந்த ஒரு கோப்பைக்காகத்தான் பருத்தித்துறை வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே கிடந்தார். அண்ணி கொடுக்கவில்லை. அவர் திரும்பியதும் வாளியோடு வருவா. திகதி நெருங்கும்போது நானே தண்ணீர் அள்ளி முற்றத்தில் ஆயத்தமாக வைத்த மாதங்களும் உண்டு. எனக்கு அதில் ஒரு சந்தோசம் இருந்தது என்பதை இப்போது ஏன் மறைக்க வேண்டும்?

தரிப்பிடத்தில் பத்து ஓட்டோ நின்றாலும் அவர் என்னுடையதில்தான் ஏறுவார். ஏறுவதற்கு முன் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். எட்டடி நீள வண்டி. அதற்கும் பின்னால் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வருவார். நான் பின்னுக்கு எடுக்க வேண்டுமென்றால் இறங்கிவிடுவார். எனக்குத் தெரிகிற இடத்தில் நின்று, கையை உயர்த்தி, உரத்து, "நான் மதிலோடை நிக்கிறன். பின்னுக்கு ஒருத்தரும் இல்லை. நீ மெதுவா வா" என்பார். சந்தைக்கு வந்த சனம் வேடிக்கை பார்க்கும்.

"ஓம்" என்ற பதிலை அவர் ஏற்கமாட்டார். ஆரிடமும் ஏற்கமாட்டார். மருந்துக் கடையில் "குளிசை இருக்கோ?" என்று கேட்டு, அங்கே வேலைக்கு நிற்கிற பெட்டை "ஓம்" என்றால், "ஓம் எண்டாதை பிள்ளை. இருக்கு எண்டு சொல்லு" என்பார். கோயிலில் ஐயரிடமும் அப்படித்தான். அர்ச்சனை முடிந்ததா என்று கேட்டு, "முடிஞ்சுது" என்று ஐயர் வாயால் சொன்ன பிறகுதான் விபூதிக்குக் கை நீட்டுவார். எனக்கு இது நல்ல ஆயுதமாகப் போயிற்று. ஓட்டோவை எடுக்கும்போது "பின்னுக்குப் பாத்திட்டியோ தம்பி?" என்று கேட்பார். நான் வேண்டுமென்றே, அண்ணையின் குரல் எனக்குக் கொஞ்சம் உண்டு, அதையும் கூட்டிக்கொண்டு, "ஓம் ஓம்" என்பேன். கண்ணாடியில் பார்ப்பேன். முகத்தில் இரத்தம் இறங்கிவிடும். முன் இருக்கைக் கம்பியை எட்டிப் பிடிப்பார். பிறகு மெல்ல, "முழுசாச் சொல்லு தம்பி" என்பார். சொல்லமாட்டேன். ஓட்டிக்கொண்டு போவேன்.

ஒருமுறை ஒரு சவ ஊர்வலத்தை மறித்துவிட்டார். பாடை ரயில் கடவையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. நடுவில் வந்தவர்களும் தாண்டினார்கள். மணி அடிக்கத் தொடங்க, பின்னால் வந்த கிழடு கட்டைகள் தண்டவாளத்துக்கு நடுவில். இவர் ஓடிப்போய்ப் பாடைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு, "நில்லுங்கோ! தொங்கல் வரேல்லை! தலை ஓடினா தொங்கலும் ஓடி வரும்!" என்று கத்தினார். சொன்னது சரிதான். முன்னால் போனவர்கள் எட்டி வைத்ததால்தான் பின்னால் இருந்தவர்களும் மணியைப் பாராமல் அந்தரப்பட்டு ஓடி வந்துகொண்டிருந்தார்கள். ஆனால் நடுவெயிலில் தோளில் பிணத்தோடு நிற்பவனுக்கு அது விளங்குமா? செத்தவரின் மருமகன் இவருடைய நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். "எங்கடை மாமாவையும் சாமான் ஏத்திற ரெயின் எண்டு நினைச்சியோ? விசரா!" விழுந்தவர் சாரத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பி, கடவைப் பக்கம் திரும்பி, எல்லாரும் தாண்டிவிட்டார்களா என்று பார்த்தார். ஒருவரும் சாகவில்லை. ஆனபடியால் ஒருவரும் அவருக்கு நன்றி சொல்லவும் இல்லை. நாங்கள் அதை நடித்துக் காட்டி ஒரு மாதம் சிரித்தோம்.

பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் இரண்டு பகல் அவரோடு வரிசையில் கிடந்தேன். பெற்றோல் செட்டில் இருந்து வரிசை வளைந்து வளைந்து எங்கேயோ போய்க் கிடந்தது. அவருக்குப் போக ஓர் இடமும் இல்லை, சும்மா வந்து பின் இருக்கையில் இருந்தார். முன்னால் ஒரு வண்டி நகரும். அடுத்தவன் பார்த்து, இறங்கி, தள்ளுவான். பிறகு அடுத்தவன். எங்களிடம் அந்த அசைவு வந்து சேரக் கால்மணி நேரம்.

"இதுதான் தம்பி" என்றார். "பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவிலை கொஞ்சம் இளக்கம் இருக்கு. தலை இழுத்தா ஒவ்வொண்டா இறுகி இறுகித் தொங்கலுக்கு வரும். மேடு பள்ளத்திலை பார், தலை இறங்கும், நடு ஏறும், தொங்கல் பின்னாலை நிண்டு தள்ளும். ஒரு ரெயின் இல்லை, மூண்டு ரெயின் ஓட்டவேணும். குளிருக்கை பிறேக்குக் காத்து தொங்கல் வரைக்கும் போய்ச் சேராது. ஒரு ஊரை மறிச்சு நிண்டமெண்டா அந்த ஊர் ரெண்டு துண்டு. அம்புலன்ஸ்காரன் ஹோர்ண் அடிப்பான். நாங்கள் ஒண்டும் செய்யேலாது."

"அண்ணையை இடிச்சது உங்களுக்குத் தெரிஞ்சுதோ?" என்று கேட்டேன். அதுவரை நான் அவரிடம் கேட்ட முதல் ஒழுங்கான கேள்வி அது.

"தெரியேல்லை." முன்னால் நின்ற வண்டியைப் பார்த்தபடி சொன்னார். "அவ்வளவு இரும்புக்கு ஒரு மனிசன் ஒரு கணக்கில்லை. எப்பவும் கொழுவேக்கை வாற அதே சத்தம்தான். கொழுவியிட்டுதோடா எண்டு கேட்டன். பதில் இல்லை. ரேடியோ அடிக்கடி விட்டுப்போறது, அதாக்கும் எண்டு இருபது நிமிசம் எஞ்சினுக்கை சூடா இருந்தன். பிறகுதான் இறங்கினன். ரெண்டு கிலோமீற்றர். இடுப்பளவு பனி. நடக்க நடக்க ரேடியோவிலை சொல்லிக்கொண்டே போனன். 'ஓம் எண்டு சொல்லடா. ஓம் எண்டு மட்டும் சொல்லடா.' முன்னாலை அவன் பனி மூடி வெள்ளையா நிண்டு பாத்துக்கொண்டு இருக்கிறானோ எண்டு ஒவ்வொரு பெட்டியா எண்ணினன்."

அவர் கடையில் இரண்டு சோற்றுப் பார்சல் வாங்கி வந்திருந்தார். ஒன்றை என் பக்கம் நீட்டினார். பசியில் எனக்குக் கண் இருண்டது. நான் தொடவில்லை. அவரும் பிரிக்கவில்லை. பின்னேரம் இரண்டும் புளித்து மணத்தது, எடுத்துக்கொண்டு போய் மாட்டுக்குப் போட்டுவிட்டு வந்தார்.

இரக்கம் வரவேண்டிய இடம் அது. எனக்கு வந்தது வேறு. இருபது நிமிடம் சூடாக இருந்தாராம். அந்தச் சொல் எனக்குள் கிடந்து அரித்தது. அடுத்த கிழமை அவரை அறையில் இறக்கிவிட்டு, ஒழுங்கைக்குள் வண்டியைத் திருப்பப் பின்னுக்கு எடுத்தேன். வழக்கம்போல மதிலோடு நின்று கையை உயர்த்தினார். "நான் மதிலோடை நிக்கிறன். மெதுவா வா." நான் மெதுவாகத்தான் போனேன். ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்பவில்லை. நேரே அவரைப் பார்த்துப் போனேன். கண்ணாடியில் அவருடைய சேட்டின் பொத்தான் தெரிந்தது. விலகுவார், கத்துவார், மதிலில் ஏறுவார் என்று காத்திருந்தேன். அவர் அசையவில்லை. பின் பம்பர் முழங்காலில் முட்டியபோது கண்ணை மூடிக்கொண்டு, அதே உரத்த குரலில், "வா. இன்னும் இடம் இருக்கு" என்றார்.

பிறேக்கைப் பிடித்தேன். அவர் கண்ணைத் திறந்து பார்த்து, நான் இடிக்க மாட்டேன் என்று தெரிந்ததும், ஏமாந்தவர் முகத்தோடு உள்ளே போனார். அன்று இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் முழுதாகத் தெரிந்துபோனது. அடுத்தநாளும் என் ஓட்டோவில்தான் ஏறினார்.

மூன்றாம் வருட முடிவில் சலரோகம், சீனி வருத்தம், அவருடைய காலில் இறங்கியது. இரண்டு விரல் எடுத்தார்கள். கனடாவில் இருக்கிற மகள் இனியும் ஊரில் கிடக்கவேண்டாம் என்று ரிக்கற் அனுப்பிவிட்டாள். அந்த மாதம் திகதிக்கு முதலே பொல்லை ஊன்றிக்கொண்டு படலைக்கு வந்தார். முற்றத்தில் நின்று சொன்ன அந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக வாய் திறந்தார். "தங்கச்சி, நாளைக்குப் போறன். இனி வரமாட்டன்." அவர் போன பிறகு அண்ணி வாளியை எடுக்கவில்லை. நான் எடுக்கப் போனேன். "வை" என்றா.

காலையில் நான் வெளிக்கிடும்போது குசினி வாசலில் நின்றா.

"ரெயின் எத்தினை மணிக்கு?"

"பத்துக்கு."

"ஸ்டேசனுக்கு விடமுதல் அவரை இஞ்சை கூட்டிக்கொண்டு வா. தேத்தண்ணி போட்டு வைக்கிறன்."

நான் அவவைப் பார்த்தேன்.

"கழுவிக் கழுவிக் கை ஓய்ஞ்சுபோச்சு தம்பி" என்றா. "ஒருத்தரைச் சபிக்கவும் தெம்பு வேணும். எனக்கு அது முடிஞ்சுது. மறக்காமச் சொல்லு."

சொல்லியிருக்கலாம். அறை வாசலில் அவர் பெட்டியோடு தயாராக இருந்தபோது சொல்லியிருக்கலாம். சந்தியில் வலது பக்கம் எங்கள் வீடு, இடது பக்கம் ஸ்டேசன். நேரம் நிறையக் கிடந்தது. நான் இடது பக்கம் திருப்பினேன். கோபத்தில் செய்தேன் என்றால் கேட்பவர்கள் பாதி மன்னிப்பார்கள். கோபம் இருக்கவில்லை. அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சிய ஒரே சாமான் அந்தப் பகைதான். அண்ணி அதை ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்குக் கொடுத்துவிடப் பார்த்தா. கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

மேடையில் இருந்த மர வாங்கில் இருத்திவிட்டுப் பெட்டியைப் பக்கத்தில் வைத்தேன். தூரத்தில் ரயில் கூவியது. அவர் பொல்லின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, என்னைப் பாராமல், "தங்கச்சி ஏதும் சொன்னவவோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"இல்லை எண்டாதை தம்பி. முழுசாச் சொல்லு."

அவருக்கு நான் வாழ்நாளில் சொன்ன ஒரே முழு வசனத்தை அப்போதுதான் சொன்னேன். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, அவர் பழக்கிய மாதிரியே சொன்னேன். "அண்ணி உங்களுக்கு ஒண்டும் சொல்லி விடேல்லை. சொல்ல ஒண்டும் இல்லை எண்டும் சொன்னவ."

அவர் தலையாட்டினார். நம்பிவிட்டார். முழு வசனத்தை அவர் சந்தேகப்பட்டதே இல்லை. "சரி. விளங்கிச்சுது" என்றார். நான் பிடித்து ஏற்றிவிட்டேன். பத்துப் பெட்டி ரயில். நான் ஸ்டேசன் படியால் இறங்க முன்னமே அதன் தொங்கல் மேடையைத் தாண்டிவிட்டது.

வீட்டுக்கு வந்தேன். அண்ணி தலை வாரி இழுத்து, சீலை மாற்றியிருந்தா. மேசையில் வந்தாருக்கு எடுக்கிற கோப்பை, மூடிவைத்தபடி. பக்கத்துச் சின்னத் தட்டில் சீனி தனியாக, சலரோகக்காரன் என்று நினைவு வைத்து.

"எங்கை?"

"சொன்னனான் அண்ணி. நேரம் போயிட்டுது, வேண்டாம் எண்டிட்டார்."

அவ கனநேரம் படலையைப் பார்த்துக்கொண்டு நின்றா. "வேண்டாமாமோ?" என்று ஒருதரம் தனக்குள்ளே கேட்டா. பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டா. அவ அழுததை அண்ணையின் செய்தி வந்த அன்றுதான் கேட்டிருந்தேன். அதன்பிறகு அப்போதுதான் மறுபடி கேட்டேன்.

மூடியை எடுத்தேன். தேத்தண்ணி இன்னும் சுட்டது. சீனியைப் போட்டுக் கலக்கி, இருந்து, நானே குடித்தேன்.